போஸ்ட் கார்டு மேல் ஓடும் ரயில்

ரயிலைப் பற்றி ஒரு சந்தேகமாவது இல்லாத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு நடுவில் எதற்காக ஜல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்? வீட்டில் ஒரு பல்பு எரியவே இரண்டு ஒயர் தேவைப்படுகிறது, ரயிலுக்கு மட்டும் மேலே ஒரே கம்பி எப்படிப் போதும்? ஸ்டியரிங் இல்லாத வண்டி எப்படி வளைகிறது? ஸ்டேஷன் போர்டில் ஊர் பெயருக்குக் கீழே ‘கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்’ என்று எழுதி வைக்கிறார்களே, அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ரயில் கண்ணுக்கே தெரியவில்லை, அதற்குள் கேட்டை ஏன் சார் மூடுகிறார்கள்?

தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சந்தேகங்கள் கொஞ்சம் அதிகமாகவே வரும். ரயிலில் நாங்கள் கழிக்கிற நேரம் அப்படி. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறினால் மறைமலை நகர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொன்றாக நின்று நின்று தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் கையில் இருக்கிற பேப்பர் தீர்ந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரும் தீர்ந்துவிடும். அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நான் பி.காம். பிசிக்ஸோடு என் உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. ஆனால் பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று சக பயணிகளுக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சில பெரியவர்களிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கொண்டுபோனேன். அவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு புத்தகங்களையும் புரட்டினேன். ஒரு கட்டத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. நாம் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு ஒரே பதில்தான்: இரும்பின் மேல் இரும்பு உருள்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ரயில் சக்கரத்தை உற்றுப் பாருங்கள். அது உருண்டை. தண்டவாளத்தின் தலையும் லேசாக வளைந்தது. இரண்டும் கெட்டியான எஃகு, நசுங்காது. அப்படியானால் எவ்வளவு இடத்தில் தொட்டுக்கொள்ளும்? உங்கள் கட்டைவிரல் நகம் அளவு. சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். ஒரு பெட்டிக்கு எட்டுச் சக்கரம். பன்னிரண்டு பெட்டி மின்ரயிலுக்குத் தொண்ணூற்றாறு சக்கரம். கூட்டினால் ஏறக்குறைய நூறு சதுர சென்டிமீட்டர். தபால் ஆபீஸ் போஸ்ட் கார்டு இதைவிடப் பெரியது!

ஆக, காலை எட்டு மணிக்கு மூச்சு முட்ட ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற ஒரு மொத்த ரயிலும் பூமியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு போஸ்ட் கார்டு அளவு இடத்தில்தான். மீதியெல்லாம் காற்றில்.

இதில் நமக்கு என்ன லாபம்? ரப்பர் டயர் தரையில் உருளும்போது நசுங்கி நசுங்கி எழுகிறது. அந்த நசுங்கலில் சக்தி வீணாகிறது. எஃகுச் சக்கரம் நசுங்குவதில்லை. அதனால் ஒரே எடையைச் சமதரையில் உருட்டிக்கொண்டு போக, ரோட்டில் ஆகிற சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்டவாளத்தில் போதும். ஒரு டீ, வடை விலையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடற்கரை ஸ்டேஷன் வரை உங்களைக் கொண்டுபோய் விடுகிறார்களே, அதற்கு அரசாங்கத்தின் தாராளம் ஒரு காரணம். இந்த வழுக்கல் இன்னொரு காரணம்.

அந்த ஒற்றைக் கம்பிக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். அதிலிருந்து மின்சாரம் கூரை வழியாக இறங்கி, டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் எல்லாம் சுற்றிவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, சப்-ஸ்டேஷனுக்குத் திரும்புகிறது. இரண்டாவது ஒயர் எங்கே என்றால், தண்டவாளம்தான் இரண்டாவது ஒயர். அது மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால் அதில் ஷாக் அடிப்பதில்லை. மேல்கம்பி அப்படி இல்லை. அதைத் தொட வேண்டும் என்றுகூட அவசியமில்லை, பக்கத்தில் போனாலே பாய்ந்து பிடித்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டிமேல் ஏறி போட்டோ எடுக்கிற பையன்களுக்கு யாராவது இதைச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்? சக்கரத்தின் விளிம்பு லேசான கூம்பு. உட்பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சின்னது. இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. வளைவு வரும்போது அச்சு கொஞ்சம் வெளிப்பக்கமாக நகர்கிறது. வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவில் ஓடுகிறது, உள் சக்கரம் சின்னச் சுற்றளவில் ஓடுகிறது. வண்டி தானாக வளைந்துவிடுகிறது. டீக்கடை பேப்பர் கப்பைத் தரையில் உருட்டிப் பாருங்கள், நேராகப் போகாது, வட்டம் போடும். அதே சங்கதிதான். சக்கரத்தின் உள்ளோரத்தில் பட்டையாக நீட்டிக்கொண்டிருப்பது, தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடாமல் இருக்க ஒரு காவல்.

கடல் மட்ட உயரம்? வழுக்கலான சக்கரத்துக்கு மேடு என்றால் அலர்ஜி. நூறு அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்பது நம் கண்ணுக்குச் சமதரை. ரயிலுக்கு அது மலை. எனவே பாதை போடுகிற எஞ்சினியருக்கு ஒவ்வொரு இடத்தின் உயரமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். போர்டில் எழுதியிருப்பது அவர்கள் கணக்கு, நமக்கில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற மலை ரயிலில் சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். வெறும் சக்கரத்தை நம்பினால் கீழே வந்துவிடும். அதனால்தான் அங்கே நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று போட்டு, பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து ஏறுகிறார்கள். சமவெளி எஞ்சின்களில் மணல் பெட்டி இருக்கும். மழை நாளில் சக்கரம் வழுக்கினால் முன்னால் மணலைத் தூவிக்கொண்டு நகரும். கோலம் போட்ட ஈர வாசலில் தாத்தா மணலைத் தூவிவிட்டு நடப்பாரே, அந்த டெக்னிக்.

ஜல்லி? பத்து டன் எடை ஒரு சக்கரத்தின் நகத்தளவு இடத்தில் இறங்கினால் கீழே மண் தாங்குமா? தண்டவாளம் அதைக் கட்டைக்குக் கொடுக்கிறது. கட்டை ஜல்லிக்குக் கொடுக்கிறது. ஜல்லி நாலா பக்கமும் பரப்பி மண்ணுக்குக் கொடுக்கிறது. மழைத் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும், புல் பூண்டு முளைக்காது என்பவை உபரி லாபம். உருண்டைக் கூழாங்கல் போட்டால் நகர்ந்துவிடும். முனை முனையாக உடைத்த கருங்கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். குன்றைக் குடைந்து நரசிம்மருக்குக் கோயில் கட்டிய ஊர்க்காரர்களுக்குக் கருங்கல்லின் உறுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஜல்லிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய ரயிலின் ‘தடக் தடக்’ ஞாபகம் இருக்கிறதா? தாம்பரம் வரைக்கும் மின்ரயில் 1931-லேயே வந்துவிட்டது. குட்டியான அந்த மீட்டர் கேஜ் வண்டி கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 2004 வரை ஓடியது. அதில் போனவர்களுக்கு இன்னும் காதில் ஒலிக்கும். தண்டவாளங்களை இடைவெளி விட்டு இணைத்திருந்ததால் வந்த தாளம் அது. வெயிலில் இரும்பு நீளுமே, அதற்காக அந்த இடைவெளி. நாற்பது டிகிரி வித்தியாசத்தில் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் ஒன்றரை அடி நீளப் பார்க்கும். இப்போது துண்டுகளை ஒன்றாகப் பற்றவைத்துவிட்டு, நீள விடாமல் கான்கிரீட் கட்டையும் ஜல்லியுமாகச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தாளம் நின்றுவிட்டது. பயணம் சுகமாகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் வரவுப் பக்கம். பி.காம்.காரன் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூட முடியாது. வரவு என்று ஒன்று எழுதினால் பற்று என்று ஒன்று எழுதியே ஆகவேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தபோது எக்ஸ்பிரஸ் வண்டியில் அடிபட்டு இறந்துபோனான். துக்கம் கேட்கப் போனபோது அவன் அம்மா அழவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார்.

“ஏன் சார், டிரைவரு பாத்துக்கிட்டுதானே வந்திருப்பாரு? நேர் ரோடு மாதிரிதானே இருக்குது? ஒரு பிரேக் போட்டிருக்கலாம்ல?”

அந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் என்ன சொல்ல முடியும்? பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஆனால் ரயிலைப் பற்றி மனிதர்கள் கேட்கிற கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. அவரிடம் சொல்ல முடியாத பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

பார்த்திருப்பார். பிரேக்கும் போட்டிருப்பார். ரயில் நிற்காது. அந்தப் போஸ்ட் கார்டுதான் காரணம்.

கார் டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடியில் நாலில் ஒரு பங்குகூட எஃகுச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிப்பது சந்தேகம். ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். எந்தப் பிரேக்காக இருந்தாலும் அந்தப் பிடிக்கு மேல் வேலை செய்ய முடியாது. பலமாக அழுத்தினால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு அப்படியே சறுக்கும், அவ்வளவுதான். மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிற மின்ரயில், அவசர பிரேக் போட்ட பிறகும் முந்நூறு மீட்டருக்கு மேல் ஓடித்தான் நிற்கும். பன்னிரண்டு பெட்டி மின்ரயிலின் மொத்த நீளமே சுமார் 250 மீட்டர். அதாவது பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் உங்களைப் பார்த்துப் பிரேக் போட்டால், அந்தக் கோடியையும் தாண்டித்தான் நிற்கும். நம் ஊரில் நிற்காமல் பறக்கிற வைகை எக்ஸ்பிரஸ், வந்தே பாரத் மாதிரி வண்டிகள் 110 கிலோமீட்டரில் வந்தால், நிற்பதற்கு முக்கால் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று ஆகும். ஹாரன் அடிப்பது, பிரேக் போடுவது, இரண்டைத் தவிர டிரைவர் கையில் வேறு எதுவும் இல்லை. ஒதுங்கிப் போகலாம் என்றால் ஸ்டியரிங் கிடையாது. மூன்றாவதாக அவர் செய்யக்கூடியது கண்ணை மூடிக்கொள்வதுதான். அப்புறம் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஊர் சேர்க்க வேண்டியவரும் அவரேதான்.

கேட்டை ஏன் முன்கூட்டியே மூடுகிறார்கள் என்று கேட்டோமே, அதற்கும் இதுதான் விடை. ஒரகடம் சாலை ரயில்வே கேட்டில், மேம்பாலம் எப்போது வரும் என்று ஏங்கியபடி வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ‘வண்டி பரனூரே தாண்டியிருக்காது, அதுக்குள்ள மூடிட்டான்’ என்று கேட் கீப்பரைத் திட்டாத நாள் கிடையாது. அவர் கையில் ஒன்றும் இல்லை. கேட் பூட்டினால்தான் சிக்னல் பச்சை விழும், அப்படி இணைத்து வைத்திருக்கிறார்கள். டிரைவருக்கு அந்தப் பச்சை, நிற்கத் தேவையான தூரத்துக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார். எனவே ரயில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும்போதே கேட் விழுகிறது. நாம் பைக்கைச் சாய்த்துக் குனிந்து நுழைந்து மிச்சம் பிடிக்கிற அந்த நாலு நிமிஷம், ரயில் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரத்தை முன்னிட்டு ஒதுக்கி வைத்தது.

‘நான் பார்த்துத்தான் சார் கிராஸ் பண்றேன்’ என்பீர்கள். சரி, பார்ப்பதிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. திரிசூலத்தைக் கடக்கும்போது மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தரத்தில் மிதந்து மெதுவாக வருகிற மாதிரி இருக்கும். உண்மையில் அது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி வந்துகொண்டிருக்கிறது. பெரிய உருவம் மெதுவாக வருவதாகக் கண் ஏமாறும். ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1985-ல், லெவல் கிராசிங் விபத்துகளுக்கு இந்த மாயை ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். நேர் எதிரே வருகிற ரயில் பக்கவாட்டில் நகர்வதே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். ‘தூரத்துலதான் வருது’ என்று மனசு சொல்லும்.

இனி நேரக் கணக்கு. 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். இரண்டு பாதையைத் தாண்ட ஜல்லியில் கால் வைத்துத் தடுமாறி நடந்தால் எட்டு, பத்து நொடி ஆகும். அதற்குள் 250 மீட்டர் தள்ளி இருந்த வண்டி உங்கள் மேல் வந்துவிடும். செங்கல்பட்டுப் பாதையில் இப்போது மூன்றாவது லைனும் சேர்ந்துவிட்டது. ஒரு லைனில் நிற்கிற வண்டி, அடுத்த லைனில் வருகிற வண்டியை மறைத்துவிடும். காதாவது உதவுமா? ‘தடக் தடக்’ போய்விட்டது. புகை எஞ்சின் போய்விட்டது. மிச்சமிருக்கிற சத்தத்தை இயர்போன் சாப்பிட்டுவிடுகிறது. வரவுப் பக்கத்தில் எழுதிய அந்தச் சுகமான அமைதி, பற்றுப் பக்கத்தில் இப்படி வந்து நிற்கிறது.

ஒதுங்க முடியாத வண்டி என்றேன் அல்லவா? படிக்கட்டுப் பயணத்துக்கும் அதேதான். பெட்டி எவ்வளவு அகலம் என்று அளந்து, அதற்கு இடம்விட்டுத்தான் தூணும் சுவரும் எழுப்புகிறார்கள். வெளியே தொங்குகிற மனிதன் அந்த அளவில் சேர்த்தி இல்லை. 2018 ஜூலை 24 அன்று காலை, நம் ஊர் வழியாகத் திருமால்பூர் போகிற வண்டியை, மின்கம்பிக் கோளாறால் எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதை ஓரம் ஒரு கான்கிரீட் சுவர். படியில் தொங்கியவர்கள் அதில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் வராது. தினமும் தொங்கிப் பழகியவர்களுக்கும் அன்றைக்குப் பழக்கம் கைகொடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் விட்ட ஏ.சி. மின்ரயிலில் கதவு தானாக மூடிக்கொள்கிறது. மற்ற வண்டிகளில் இன்னும் நாம்தான் கதவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147. அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி மட்டும் இதைத் தடுக்க முடியாது. மக்கள் சும்மா குறுக்கே போவதில்லை. நடைமேம்பாலம் ஒரு கோடியில் இருக்கும், வீடு மறு கோடியில் இருக்கும். முட்டி வலிக்கிற அம்மா, கையில் குழந்தை, தலையில் மூட்டை. ஐம்பது படி ஏறி ஐம்பது படி இறங்குவதற்குப் பதில் பத்து நொடி என்று மனசு கணக்குப் போடுகிறது. எனவே சுரங்கப்பாதை வேண்டும், லிஃப்ட் வேண்டும், சரியான இடத்தில் வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பது நம் உரிமை.

அது வருகிற வரைக்கும்? நாளைக் காலை வண்டி சிக்னலில் நிற்கிறது, எதிர்ப் பக்கம் ஷேர் ஆட்டோ கிளம்பப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒரு கணக்கை மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வருகிற ரயில் நிற்க முந்நூறு மீட்டர் வேண்டும். நீங்கள் நிற்க ஒரு அடி போதும்.

படியில் ஏறுங்கள். அடுத்த ஆட்டோ வரும்.